பாஞ்சாலி டைமிங் மாற்றிய கதை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, இந்த ஃபேன் சத்தத்தில் பாதிக் கதை பறந்துவிடும். இதில் ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. ஒரு பழைய வேனும் அதை ஓட்டுகிறவளும்தான். ஆனாலும் கேட்டு முடித்த பிறகு, உங்கள் வாசலில் நிற்கிற வண்டியை ஒருதரம் எட்டிப் பார்க்காமல் படுக்கப் போகமாட்டீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

வல்லத்தில் பாஞ்சாலி வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பாஞ்சாலியைக் காட்டுவார்கள். ‘டைமிங் பாஞ்சாலி’ என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். சுங்குவார்சத்திரத்து ஹாஸ்டலில் தெற்கத்திப் பெண்பிள்ளைகள் தங்கியிருக்கிறார்களே, அவர்களைக் கம்பெனி கேட்டில் இறக்குவதும், ஷிஃப்ட் விட்டதும் திரும்ப ஹாஸ்டலில் சேர்ப்பதும் அவள் வேலை. மழை கொட்டட்டும், ரோட்டுக்குக் குறுக்கே கன்டெய்னர் லாரி கவிழ்ந்து கிடக்கட்டும், ஏதாவது ஓர் ஊருக்குள் நுழைந்து, எருமைக்கெல்லாம் ஹாரன் அடித்து, பஞ்ச் அடிக்க நேரம் மிச்சம் வைத்துக் கேட்டில் நிறுத்துவாள். அப்படி வந்த பெயர் அது. அந்தப் பெயர்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

வேன் புதிதல்ல. மறைமலை நகரில் ஒரு ட்ராவல்ஸ்காரரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கும்போதே நிறைய ஓடியிருந்தது. இப்போது மீட்டர் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதுவரை ஆயில் மாற்றுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் ஒரகடத்தில் கார்முகிலின் ஷெட்டில்தான். இந்த வருஷம், கம்பெனிக்கு வேன் ஏற்பாடு செய்கிற காண்ட்ராக்டர் சிவசங்கர் ஒரு புது ரூல் கொண்டுவந்தான். பழைய வண்டிகளெல்லாம் ஷோரூமில் ஒரு முறை சர்வீஸ் செய்து, முத்திரை வாங்கி வரவேண்டும். சரி என்று, காலை ட்ரிப் முடித்த கையோடு வேனை ஷோரூமில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து மீன் பொரிக்க உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. எடுத்தால் சர்வீஸ் அட்வைசர். அருள்பாண்டி என்று பெயர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

“அக்கா, வண்டிய முழுசா பாத்தாச்சி. என்னென்ன செய்யணும்னு வாசிக்கட்டுமா?”

“வாசி தம்பி. சட்டியில மீனு கீது, சீக்கிரம்.”

“எஞ்சின் ஆயில், ஃபில்டர்.”

“மாத்து.”

“பின் பிரேக் ஷூ பாதி தேஞ்சிருக்கு.”

“பாதி கீதுல்ல? அப்பால பாத்துக்கலாம்.”

“இன்ஜெக்டர் க்ளீனிங்?”

“அதுவும் அப்பால.”

“ஏசியில கிருமி எடுக்கிறது?”

“கிருமியா! புள்ளைங்க மூச்சு உட்ற எடமாச்சே. அத்த செய் மொதல்ல.”

“அடியில துருப் பிடிக்காம ஒரு பூச்சு?”

“பூசு, பூசு.”

“கடைசியா ஒண்ணுக்கா. அதான் ரொம்ப முக்கியம். உங்க டைமிங்க மாத்தணும்.”

பாஞ்சாலியின் கை சட்டிக்கு மேலே அப்படியே நின்றது.

“இன்னா சொன்ன?”

“டைமிங்க்கா. இனிமே அத நம்பி ஓட்டக்கூடாது.”

“யாரு டைமிங்க நம்பக் கூடாது? எவ வந்து சொன்னா உங்கிட்ட?”

“யாரும் சொல்லலக்கா. கிலோமீட்டர் சொல்லுதுல்லா.”

“கிலோமீட்டரு சொல்லுதா! கேட்டாண்ட வாட்ச்மேனக் கேளு, அவன் சொல்லுவான். என் வண்டியப் பாத்துதான் அவன் வாச்சயே சரி பண்ணிக்கினு கீறான்!”

அருள்பாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாடிக்கையாளர் கோபப்படுகிறார் என்பது மட்டும் விளங்கியது. “அப்ப டைமிங் வேணாம்னு போட்டுரவாக்கா?”

“வேணாம்னு கொட்டை எழுத்துல போடு! என் டைமிங்க மாத்தறதுக்கு நீ யாரு?”

இருங்காட்டுக்கோட்டையில் கேன்டீன் வேலை முடித்து வந்து தட்டோடு காத்திருந்த அவள் புருஷன் பரசுராமன், “இன்னாவாம்?” என்றான்.

“என் டைமிங்கு சரியில்லையாம்யா!”

“கரெக்டாதான் சொல்லிக்கிறான். முகூர்த்தத்துக்கே லேட்டா வந்தவதான நீ.”

“லேட்டா வந்தது நானா, உங்க வூட்ல அனுப்புன ஓட்ட காரா? துன்னுட்டு எழுந்து போ.”

சாயங்காலம் முத்திரையோடு வேன் வந்தது. கேட்டில் பிள்ளைகள் ஏறினார்கள். எப்போதும், ‘சாப்டியாடி, தல வலி போச்சாடி’ என்று கேட்கிறவள் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ரோட்டில் ஏறியதும் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

“என் டைமிங்கு பிடிக்கலன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கடி. ஷோரூம்ல போயி கம்ப்ளெயின்ட் பண்றது இன்னா பழக்கம்?”

வேன் முழுக்க முழித்தது. முன்சீட்டில் இருந்த செல்வலட்சுமி, கழுகுமலைக்காரி, மெல்லக் கேட்டாள். “யக்கா, ஷோரூம்ல என்னன்னு சொன்னாவ?”

“டைமிங்க மாத்தணுமாம்.”

செல்வலட்சுமி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பீறிட்டு வந்தது. “யக்கா, அது உங்க டைமிங் இல்லக்கா! எஞ்சினுக்குள்ள ஒரு பெல்ட்டு உண்டும். அதுக்குப் பேருதான் டைமிங் பெல்ட்டு. எங்கண்ணன் லோடு வண்டில அது அறுந்துதான், தக்காளியோட சாத்தூர்ப் பக்கம் நடுரோட்டுல நின்னான். எஞ்சினே போயிருச்சி.”

“டைமிங் அக்காவுக்கே டைமிங் தெரியலயாம்டி!” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், வேனே குலுங்கியது. பாஞ்சாலியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. “அந்தப் புள்ளாண்டான வாயில வந்தபடி பேசிட்டனேடி” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. பாட்டை நிறுத்திவிட்டு எஞ்சினைக் கேட்டாள். சீராகத்தான் ஓடியது. ஒரு முக்கல் இல்லை, முனகல் இல்லை. ‘நல்லாத்தானே ஓடுது’ என்று மனசு சொன்னது. ‘கழுகுமலைக்காரி அண்ணன் வண்டியும் நல்லாத்தானே ஓடியிருக்கும்’ என்று அதே மனசு திருப்பிச் சொன்னது.

நேரே கார்முகிலிடம் போய் பெல்ட் விஷயத்தைச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “பழைய ஓனரு மாத்தினாரா, இல்லியா?”

“தெரியலியேப்பா.”

“போன் போட்டுக் கேளுக்கா.”

போட்டாள். ட்ராவல்ஸ்காரர் யோசித்து யோசித்து, “மாத்தினேன்னுதான் நெனைக்கிறேம்மா” என்றார். எப்போது என்று கேட்டால் அதற்கும் ஒரு ‘நெனைக்கிறேன்’. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாற்றியிருந்தால் இன்னும் பல காலம் ஓடும். மாற்றாமல் இருந்தால் இன்றைக்கு ராத்திரியே அறுந்துபோகலாம். இரண்டும் ஒரே சத்தத்தோடுதான் ஓடும்.

“நீ தொறந்து பாத்து சொல்லேன் கார்முகிலு.”

“தொறந்தா பாதி எஞ்சின் கழட்டின மாதிரிக்கா. அவ்ளோ தொறந்துட்டு பழசையே மாட்றதுக்கு, புதுசு போட்டுட்டுப் போலாம். அதுக்கு உண்டான டூலு எங்கிட்ட இல்ல. ஷோரூம்லயே குடு.”

மறுநாள் அவள் ஷோரூம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து அருள்பாண்டி எழுந்தே நின்றுவிட்டான்.

“பயப்படாத தம்பி, அடிக்க வரல. நேத்து நீ ஒண்ணு சொன்ன, நான் ஒண்ணு கேட்டுக்கினேன்” என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். பையன் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். பிறகு டீ வாங்கிக் கொடுத்தான்.

ராத்திரி முழுக்க அவள் மனசில் ஒரு கேள்வி ஊறிக்கிடந்தது. அதை எடுத்து வைத்தாள். “நீ நேத்து வாசிச்சியே, அதுல எது போறதுக்கு முன்னாடி கத்தும்? எது கத்தாம போவும்? அத்த மட்டும் சொல்லு.”

அருள்பாண்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். “பிரேக் ஷூ கத்தும்க்கா, கீச்சு கீச்சுன்னு. இன்ஜெக்டர்னா புகை வரும், வண்டி இழுக்காது. ஏசி, நாத்தம் வந்தா செஞ்சாப் போதும்.”

“அடியில பூசினது?”

அவன் மேனேஜர் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அது எங்க டார்கெட்டுக்கா. மாசத்துக்கு இத்தனை வண்டிக்குப் பூசணும்னு கணக்கு.”

“அடப்பாவி. சரி, பூசினத சொரண்டவா முடியும். டைமிங்கு?”

“அது கத்தாதுக்கா. ஓடிக்கிட்டே இருக்கும். அறுந்தா ஓடாது. எஞ்சினையும் சேத்து முடிச்சிரும்.”

செலவு, அவள் சீட்டு எடுத்து வைத்திருந்ததில் பெரும்பங்கை விழுங்கும். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். அடுத்து அவன் சொன்னதுதான் நெஞ்சில் இடித்தது. “வண்டி ஒரு நாள் முழுக்க இங்க நிக்கணும்க்கா.”

ஒரு நாள் முழுக்க என்றால் காலை ட்ரிப்பும் போச்சு, சாயங்கால ட்ரிப்பும் போச்சு. வராத வேனின் ரூட்டை சிவசங்கர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். வரிசையில் ஆள் நிற்கிறார்கள். தன் டைமிங்கைத் தானே கெடுத்துக்கொண்டால்தான் வண்டியின் டைமிங்கை மாற்ற முடியும். நல்ல கூத்து இல்லையா?

வீட்டில் பரசுராமன் ஒரே பிடியாக நின்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். “ஓடற வண்டிய இன்னாத்துக்கு நிறுத்தற? பழைய வேனு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிட்டு தள்ளிடப் போறோம். ரூட்டு போச்சின்னா வேன வெச்சி இன்னா பண்ணுவ, கோழி வளப்பியா?”

“அறுந்துச்சின்னா?”

“அறுந்தா அப்ப பாத்துக்கலாம்.”

“எங்க அறுந்துபோவும்னு சொல்லு, அங்க பாத்துக்கறேன்.”

சொல்லும்போதே அவளுக்கு, தினமும் ஏறி இறங்குகிற மேம்பாலம் கண்ணில் வந்தது. இறக்கத்தில் பின்னாலேயே கன்டெய்னர் லாரிகள் முட்டிக்கொண்டு வருமே, அங்கே எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் மரத்துவிடும். ஷிஃப்ட் முடிந்து வருகிற பிள்ளைகள் வேனில் ஏறினதும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கும். எந்த ஊரிலோ பெற்று வளர்த்த பிள்ளைகள், இவள் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது என்று நம்பித் தூங்கும். கத்துகிறதைப் பிறகு பார்க்கலாம், அது கூப்பிட்டுக்கொள்ளும். கத்தாததை யார் பார்ப்பது?

ரூட்டுக்கு வரிசையில் நிற்கிற வேன்காரர்களில் ஒருவனான வனமாமலையிடம் ஒரு நாள் மட்டும் ஓட்டச் சொல்லிப் பேசிவிட்டு, சிவசங்கருக்குப் போன் போட்டாள். “சார், நாளைக்கு என் வண்டி வராது. வனமாமலை வேனு வரும், பேசிட்டேன்.”

“ஏன், பிரேக் டவுனா?”

“இல்ல சார், டைமிங் பெல்ட்டு மாத்தறேன்.”

“அறுந்துடுச்சா?”

“அறுந்துபோவல.”

“அப்புறம் எதுக்கும்மா நிறுத்தற? வராத வண்டிக்கு என்ன ரூல்னு தெரியும்ல?”

“தெரியும் சார். தெரிஞ்சிதான் சொல்றேன்.”

மறுநாள் அவள் பயந்தபடியே ஆயிற்று. வனமாமலைக்கு ஹாஸ்டல் சந்து பிடிபடவில்லை. வழி கேட்டுக் கேட்டு வந்து, பிள்ளைகள் லேட்டாகப் பஞ்ச் அடித்தார்கள். சூப்பர்வைசர் கத்தியிருக்கிறார். சிவசங்கர் போனில் கத்தினான். பாஞ்சாலி ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவன் தீர்ப்புச் சொன்னான். தினப்படி ட்ரிப் அவளுக்கே. முன்கூட்டியே சொன்னதால் விட்டுவைத்தானாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஷிஃப்டுக்கு ஓட்டுகிற ஓ.டி. ட்ரிப் இனி வனமாமலைக்கு. வாரத்தில் நல்ல வருமானம் வருகிற ட்ரிப் அதுதான். “சரி சார்” என்றாள். வேறென்ன சொல்வாள்?

பொழுது சாயும்போது அருள்பாண்டி பழைய பெல்ட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். கறுப்பாக, கனமாக இருந்தது. பல் ஒன்றும் உதிரவில்லை. வளைத்துப் பார்த்தாள், விரிசல் தெரியவில்லை.

“நல்லாத்தானேடா கீது?”

“பாக்க நல்லாத்தாங்க்கா இருக்கு. இன்னும் எவ்வளவு ஓடியிருக்கும்னு கேட்டீங்கன்னா, எனக்கே தெரியாது. பொய் சொல்ல மனசில்ல.”

வீட்டுக்குக் கொண்டுவந்து பரசுராமன் முன்னால் போட்டாள். அவன் எடுத்து இழுத்துப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அறுந்து கிடந்திருந்தால் அவனுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். “சொன்னேன்ல? முழுசா கீது. சீட்டுக் காசும் போச்சி, ஓ.டி.யும் போச்சி. ஒண்ணுமே ஆவலியே பாஞ்சாலி!”

அவள் தட்டை எடுத்து வைத்து, அவனுக்குச் சோறு போட்டு, தனக்கும் போட்டுக்கொண்டாள்.

“ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான்யா குடுத்தேன். ஆவல. கொழம்ப இப்புடித் தள்ளு.”

பரசுராமன் குழம்பைத் தள்ளினான். சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஞாயித்துக்கெழம சும்மாதான் கீற? உங்க அக்கா வூட்டுக்குப் போயிட்டு வரலாமா?” என்றான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் சொல்லாமல் தேய்கிறது எதுவோ, அது உங்கள் கண்ணில் முன்கூட்டியே படட்டும். காலையில் கிளம்பிப் போகிற அத்தனை பேரும் பொழுதோடு வாசல் வந்து சேரட்டும். அடுப்பு அணையாமல், பானை குறையாமல், பிள்ளை குட்டியோடு உங்கள் குடும்பம் தழைத்து நிற்கட்டும்.