நாத்தனாரின் சி.ஆர்.பி.

என் நாத்தனாருடைய ரத்தம் அன்று காலை மற்ற டியூப்களோடு ஒரே தட்டில்தான் வந்தது. நாங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, டியூபில் ஒட்டியிருக்கும் கோடுகளை மிஷினே படித்துக்கொள்ளும். திரையில் எண் வந்த பிறகுதான் பெயரைப் பார்த்தேன். இருநூற்று நாற்பது. முந்தின நாள் நூற்று முப்பதுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. சி.ஆர்.பி. எங்களுக்குச் சோறு போடும் சோதனைகளில் ஒன்று. உடம்புக்குள் எங்கேயாவது புண்ணோ கிருமியோ கிளம்பினால் ஈரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டும். அதைத்தான் அளக்கிறோம். வயிற்றைக் கிழித்துத் தைத்தவர்களுக்கு அது ஏறத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய்விட்டு இறங்க ஆரம்பிக்க வேண்டும். இறங்காமல் மேலேயே போனால் உள்ளே தைத்த இடம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். காய்ச்சல் சொல்வதற்கு முன்னால், முகம் சொல்வதற்கு முன்னால், இது சொல்லிவிடும். எப்போதும் சரியாகச் சொல்லும் என்று நான் அடித்துப் பேச மாட்டேன். பல தடவை சொல்லும்.

நாத்தனாருக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அன்று நாலாம் நாள்.

அதே ரத்தத்தை மறுபடி மிஷினில் ஓட்டினேன். இருநூற்று முப்பத்தெட்டு. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. வார்டுக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னேன். நர்ஸ் திருப்பிச் சொன்னாள். சரி என்றேன். எல்லா நோயாளிக்கும் செய்வதுதான். அப்புறம் யாருக்கும் செய்யாததைச் செய்தேன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடி ஏறினேன்.

எனக்கும் அவளுக்கும் ஆகாது. என் கணவருக்கு மூத்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எதிரில் எனக்கு அவள் 'அண்ணி', 'நீங்க'. மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரையே பிரேக் மிதிக்கச் சொல்லிப் பழகிய வாய், வீட்டிலும் சும்மா இருக்காது. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். மூன்று வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்துவிட்டு, இந்தக் கட்டி வந்த பிறகுதான் 'வா', 'வாங்க' என்ற அளவுக்கு வந்திருந்தோம்.

வார்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கார் ஏற்பாடு செய்யப் போனில் பேசிக்கொண்டிருந்த என் கணவர், என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"என்ன, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற?" என்றாள் நாத்தனார்.

"ரத்தம் சரியில்லை அண்ணி."

"எந்த ஜென்மத்துல என் ரத்தம் உனக்குச் சரியா இருந்துச்சு?"

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். நாடித்துடிப்பு நூற்றுப் பத்து. படுக்கையில் உட்கார்ந்து டீ குடிப்பவருக்கு அது அதிகம்.

ஸ்கேன் எடுத்தார்கள். மத்தியானம் பெரிய டாக்டர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நல்ல மனுஷன், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"தைச்ச இடத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் நீர் இருக்கு, கொஞ்சம் காத்து இருக்கு. கசிவா இருக்கலாம். ஆபரேஷன் ஆன வயிறுன்னா சாதாரணமாவும் இருக்கும். ஸ்கேன் உறுதியா சொல்லலை. ரத்தம்தான் என்னைப் பயமுறுத்துது. இன்னைக்கே திறந்து பார்க்கலாம். இல்ல, நாளைக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துட்டு முடிவு பண்ணலாம். திறந்தா உள்ள ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். ரெண்டாவது ஆபரேஷனை உடம்பு தாங்கணும். ரெண்டுலயும் ஆபத்து இருக்கு."

"அக்கா நடக்கிறாங்க, சாப்பிடறாங்க டாக்டர்," என்றார் என் கணவர். "ஒரு நம்பரை வெச்சு வயித்தைத் திறப்பாங்களா?"

"அதனாலதான் உங்களைக் கேட்கிறேன்."

"இன்னைக்கே திறக்கணும்," என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் குரலைத் தாழ்த்தி, "நீ ரத்தம் பார்க்கிறவ. டாக்டர் இல்ல," என்றார். மாமியார் குரலைத் தாழ்த்தவில்லை.

"இவளுக்கு என் பொண்ணைக் கண்டாலே ஆகாது. நாளைக்கு வீட்டுக்கு வரப்போறவளை மறுபடியும் கிழிக்கணுமாம்!"

எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. மாமியார் விரலிடுக்கில் பையின் ஜிப் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் எல்லாரும் வாயை மூடுறீங்களா?" என்றாள் நாத்தனார். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் மிஷின் தப்பு பண்ணுமா?"

"பண்ணும். அதான் ரெண்டு தடவை ஓட்டினேன். இன்னைக்குப் பண்ணலை."

"திறந்தா நான் பிழைச்சுடுவேனா?"

"தெரியாது."

"திறக்கலைன்னா?"

"அதுவும் தெரியாது அண்ணி. ஆனா நாளைக்குத் திறக்கிறது இன்னைக்கு மாதிரி இருக்காது."

அவள் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் வீடு கட்டினேன் டாக்டர். பெயின்ட்டைப் பார்த்துட்டு வந்தவங்க எல்லாம் ஆஹா ஓஹோன்னாங்க. இவ ஒருத்திதான், ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்குன்னா. மூணு வருஷம் இவ மூஞ்சியில நான் முழிக்கலை. நாலு நாளா இந்த வராண்டாவைத்தான் பார்த்துக்கிட்டுக் கிடக்கேன். அதே கலர். என் மனசு குளிரணும்னு இவ ஒரு வார்த்தை சொன்னதில்ல. பொய் சொல்ல இவளுக்கு வராது. எங்க கையெழுத்துப் போடணும்?"

"அக்கா, ஒரு நாள் பொறுத்து…"

"உன்னைக் கேட்கலைடா."

கையெழுத்துப் போட்டாள். தள்ளுவண்டி வந்ததும் யாரையும் பிடிக்க விடாமல் தானே நடந்துபோய் அதில் ஏறிப் படுத்தாள். தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்து, "உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரியட்டும், வந்து உன்னை வெச்சுக்கிறேன்," என்றாள்.

உள்ளே இருந்தது. தைத்த இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளவு. சுற்றிலும் சீழ் பரவியிருந்தது. பெரிய டாக்டர் வெளியே வந்து எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துத்தான் சொன்னார்: "நாளைக்குன்னு விட்டிருந்தா வாய்ப்பே கிடையாது. இப்பவும் கஷ்டம்தான். முடிஞ்சதைச் செஞ்சிருக்கோம்." மாமியார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எது காதில் விழுந்தது, எது விழவில்லை என்று எனக்குத் தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவளுடைய டியூப்கள் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தன. சி.ஆர்.பி. இறங்கியது. முதலில் இருநூறு, பிறகு நூற்று அறுபது, பிறகு நூறு. கீழே ஒரு பையன் கைதட்டாத குறையாக, "அக்கா, உங்க நாத்தனார் தேறிட்டாங்க!" என்றான். சிறுநீரகத்துக்கான எண்ணும் ஈரலுக்கான எண்ணும் எங்கே போகின்றன என்று அவன் பார்க்கவில்லை. ஈரல் ஓய்ந்துபோனால் அந்தப் புரதத்தைக் கொட்டவும் அதற்குத் தெம்பிருக்காது. நான் எல்லாவற்றையும் பதிந்து மேலே அனுப்பினேன். அடுத்த தட்டு வந்தது. அதில் அவளுடைய டியூப் இல்லை. கொஞ்ச நேரத்தில் என் கணவர் போன் செய்தார்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டோம். நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் டம்ளர் கழுவிக்கொண்டும் இருந்தேன். வருகிற ஒவ்வொருவரிடமும் மாமியார் சொன்னார்: "டீ குடிச்சுக்கிட்டிருந்தா. தானா நடந்து போய்ப் படுத்தா. நல்லா இருந்தவளைத் திறந்துட்டாங்க." யார் திறக்கச் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கேட்டவர்கள் என்னிடம் டம்ளரை வாங்கும்போது கண்ணைப் பார்க்காமல் வாங்கினார்கள். டாக்டர் சொன்னதைத் தன் காதால் கேட்ட என் கணவர் கதவுப் பக்கம் நின்று, அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டே வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டினார்.

எல்லாரும் போன பிறகு சமையலறைக்கு வந்தார். நான் கடைசி டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த நம்பர்," என்றார். "மிஷின்ல ஏதாவது கோளாறா இருந்திருக்குமோ?"

"ரெண்டு தடவை ஓட்டினேன்."

"ம்," என்றார். நம்பாதவர் சொல்லும் ம்.

இந்த வீட்டில் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த 'ம்'மைக் கேட்டிருந்தால் இவரை அந்த இடத்திலேயே வறுத்தெடுத்திருப்பாள். எனக்காக அல்ல, உண்மைக்காக. இனி அப்படிப் பேச ஒருத்தரும் இல்லை. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, வந்தவர்கள் முன்னால் வராத அழுகை, அங்கே வந்தது. அண்ணி, அண்ணி என்று வாய்விட்டு அழுதேன். அவள் எனக்கு வேண்டும் என்று இருந்தது.

என் கணவர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

"விடு," என்றார். "நீ வேணும்னேவா செஞ்ச?"