கையில் ஒன்றுமில்லாத வினை

கதிரவன் மேற்கே சாய, கல்லூரிச் சாளரங்கள் ஒவ்வொன்றாய்ப் பொன் பூண, வகுப்பு விட்டு மாணவர் கலைய, அழிக்க மறந்த கரும்பலகையில் பாதித் தொடர் ஒன்று மறுபாதிக்கு ஏங்கி நின்ற மாலைப்பொழுது அது. அக்கல்லூரியின் மொழியியல் துறையை அறியாதார் இலர். எச்ச வினையின் எழுவாய்க்கு வேற்றுமை தருபவர் யார் என்னும் சொற்போர் அங்கே தொடங்கிய அன்று முற்றத்தில் நட்ட கன்று, வளர்ந்து மரமாகி, அறுபட்டு, எழுதுமேசையாகிவிட, அம்மேசையைச் சுற்றி அமர்ந்தே அறிஞர் இன்னும் பொருதுகின்றனர். ஐயமுடையோர் சென்று தட்டிப் பார்க்கலாம், நல்ல மரம்.

போரின் பொருள் இதுதான். தொடருக்குள் நிற்க விரும்பும் பெயருக்கு, வேற்றுமை என்னும் நுழைவு அடையாளத்தை யாரேனும் தந்தாக வேண்டும். 'அவன் வந்தான்' என்பதில் காலங்காட்டும் வினையே தருகிறது. 'அவனை வரச் சொன்னேன்' என்பதிலோ, 'வர' என்பது காலமற்றது, கையில் ஒன்றுமில்லாத ஏழை. ஆகவே 'அவன்' அண்டை வீட்டுச் 'சொன்னே'னிடம் 'ஐ' உருபை இரந்து பெறுகிறான். அயல்மொழி ஆய்ந்தோர் இதையே எங்கும் சட்டமென்றனர். துறையே வேற்றுமையார் என்று அழைத்த பேராசிரியர், "கதிரவன் சாய நிழல் நீண்டது" என்று எழுதிக் காட்டி, 'சாய' என்னும் ஏழை யாரிடமும் கேளாமல் தன் எழுவாய்க்குத் தானே தருகிறதென்றார். அதுவரை வெற்றிதான். அத்துடன் நில்லாமல், எந்த வினையின் கீழும் அவ்வேழை கொடுக்குமென்று நிறுவ, "அவள் நீ வர விரும்பினாள்" என்னும் தொடரை அடித்தளமாய் இட்டு, தம் வாழ்நாளையே மாளிகையாய் எழுப்பினார். துறையில் எவர் நாவும் அத்தொடரை ஏற்கவில்லை. ஏற்ற நா ஒன்றே. அது அவர் மனைவியுடையது.

அந்நாவை மறுக்க எவருக்கும் துணிவில்லை. அவள் புகைவண்டி நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். பிந்தி வரும் வண்டிகள் அவள் குரல் கேட்டு நாணி, இரண்டு நிலையங்களை நிற்காமல் கடந்து வந்ததை நானே கண்டிருக்கிறேன்.

அக்குரலில்தான் நோய் புகுந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டுமென்றார் மருத்துவர். அறுவை சிகிச்சைக்கு முந்திய மாலை, அச்சகத்தில் இருந்த தம் நூலின் நினைவோடு, வேற்றுமையார் மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்தார்.

"ஒரே ஒரு தடவைம்மா. 'அவள் நீ வர விரும்பினாள்.' சொல்லலாமா?"

"இன்னைக்குமா?" அவள் அவரை நெடிது நோக்கினாள். "சொல்ல மாட்டாங்க."

"என்னது?"

"யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. 'நீ வரணும்னு விரும்பினா'ன்னுதான் சொல்வாங்க. கல்யாணமான புதுசுல கேட்டீங்க. இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன், உங்க மூஞ்சி தொங்கிப்போச்சு. போனா போகுதுன்னு சொல்லலாம்னேன். அதுமேல வீடு கட்டுவீங்கன்னு யார் கண்டா?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"எங்கே? ஒவ்வொரு தடவையும் ஒரு மாடி ஏத்திக்கிட்டே போனீங்க. நாளைக்கப்புறம் நான் தலையாட்டினா, அது சம்மதமா வலியான்னு உங்களுக்குத் தெரியாது. குரல் இருக்கறப்பவே சொல்லிடறேன்."

வேரறுந்த மரம் விழுமுன் ஒருகணம் நிமிர்ந்து நிற்பதுபோல் அவர் அமர்ந்திருந்தார். பின்னர் பழக்கம் விடாமல், "வேற எதெல்லாம் சும்மா சொன்னே?" என்றார்.

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. "ஏங்க, வந்து இவ்வளவு நேரமாச்சு. 'பயமா இருக்கா'ன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. அதுல தப்பு ஒண்ணுமில்ல, தாராளமா சொல்லலாம்."

அவர் குனிந்து அவள் கையைப் பற்றினார். "பயமா இருக்கா?"

"இருக்கு," என்றாள்.

பார்வை நேரம் முடிய, செவிலி கதவைத் தட்ட, அவர் எழுந்தார். அக்குரலில் அவர் கேட்ட இறுதிச் சொல் அதுவே.

நூலை அவர் அச்சகத்திலிருந்து திரும்பப் பெற்றார். அந்த எழுதுமேசையின் முன் நின்று, "அத்தொடரை மொழி ஏற்காது, ஒருத்தி மட்டும் ஏற்றாள், அதுவும் மொழிக்காக அன்று," என்றார். அவரை வெல்ல முயன்றே தலைநரைத்த துறைத்தலைவர் எழுந்து போய்ச் சாளரத்தைச் சாத்தினார், காற்று ஏதும் வீசவில்லையெனினும். அதன்பின் மாலைதோறும் வேற்றுமையார் அவளிடம் அவ்வொரு கேள்வியையே கேட்க, அவள் அவர் விரலை அழுத்தி விடை சொன்னாள். ஒரு மாலை விரல் அழுந்தவில்லை.

கையில் ஒன்றுமில்லாததும் கொடுக்கும் என்பதற்குச் சான்று தேடி அவர் ஊரெங்கும் தொடர்களைத் திரட்டினார்; சான்றோ அவர் வீட்டு அடுக்களையிலிருந்து, அவர் முகம் வாடாதிருக்க, ஆண்டுக்கணக்கில் 'சொல்லலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் போக, அவர் இருந்தார். இத்தொடரில் குற்றம் காண்பார் எவருமிலர். கேட்டிருந்தால் அவளும், இம்முறை மெய்யாகவே, சொல்லலாம் என்றிருப்பாள்.