மாற்றிக்கொண்ட தூக்குவாளி

மருதாயி ஏலச்செடிகளுக்கு நடுவே குப்புற விழுந்ததைப் பார்த்ததும் அமுதவள்ளிக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஐயோ, கொன்றுவிட்டேனே!

மருதாயிக்கு ரவிக்கை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்திருந்தது. கை நடுங்கியது. கண் திறந்திருந்தும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. கங்காணி ஜக்கையன் ஓடிவந்தார். அடுத்த சரிவில் காலையில்தான் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள்.

"மருந்து ஏறிருச்சு. வாயில சொட்டுத் தண்ணி ஊத்தக்கூடாது. வெரசா ஜீப்பக் கொண்டா, போடிக்கு எறக்கிருவோம்."

போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச்சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதுவரை தாங்காது என்று அமுதவள்ளிக்குத் தெரியும். தெரிந்தவள் வாயைத் திறக்க வேண்டியதுதானே? திறந்தால் குட்டு உடைந்துவிடும்.

விஷயம் இதுதான். போடியில் உணவு ஆராய்ச்சி செய்கிறவர்கள், சர்க்கரை நோயுள்ள தோட்டத் தொழிலாளிகள் பதினைந்து பேரைப் பொறுக்கி, அரிசிக்குப் பதிலாகச் சாமைச்சோறும் தட்டாம்பயறும் கொடுத்துவந்தார்கள். தேவாரத்து மானாவாரிக் காட்டில் விளைந்த சாமை. தின்கிறவனுக்குச் சர்க்கரை இறங்கினால், விதைக்கிறவனுக்கும் பிழைப்பு நிலைக்கும் என்பது அவர்கள் எண்ணம். சோறு மாறியதால், பதினைந்தில் ஒருத்தியான அமுதவள்ளியின் மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்தார். மருதாயி அந்தப் பதினைந்தில் இல்லை. அவளுக்கும் சர்க்கரை நோய்தான், ஆனால் நெல்லுச்சோற்றுக்கு ஏற்ற முழு மாத்திரை. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, நடுங்கி வேர்த்தால் உடனே வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்களோடு வரும் முத்துப்பிரியா மாத்திரையைக் குறைத்த அன்றைக்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஆனால் ஒரே ஜீப்பில் மலையேறுகிறவர்கள் மத்தியானம் தூக்குவாளியை மாற்றிக்கொள்ளாமல் தின்பதுண்டா? தன் வாளியைத் தானே கட்டிக்கொண்டு அழுகிறவளுக்குக் கருமி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அமுதவள்ளிக்கோ சாமை தொண்டையில் இறங்கவில்லை. மருதாயியின் நெல்லுச்சோற்றை வாங்கி ஒரு வெட்டு வெட்டினாள். மூன்று வாரமாக இதே கூத்து. இன்றைக்கு மருதாயி காலையில் மாத்திரையோடு பால் விடாத வெறும் கட்டன்சாயா குடித்துவிட்டு வந்தவள், சாமையிலும் பாதியை வைத்துவிட்டு வேலைக்கு எழுந்துபோனாள்.

ஜீப்பு வந்தது. தூக்கினார்கள். மருதாயியின் தலை தொங்கியது. அமுதவள்ளி ஓடிப்போய் ஜீப்பை மறித்தாள்.

"அண்ணே, மருந்தில்லண்ணே! சர்க்கரை எறங்கிருச்சு. எஞ்சோத்தத்தான் அக்கா தின்னுச்சு. நாந்தான் மாத்திக் குடுத்தேன்!"

"ஏதாச்சும் ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?" என்றார் ஜக்கையன்.

"நானே சொல்றேண்ணே, விடுங்க!"

சாயாக் கொட்டகைக்கு ஓடிச் சர்க்கரையை அள்ளிவந்தாள். பாதி வழியிலேயே சிந்தியது. ஈரவிரலில் தொட்டு மருதாயியின் கன்னத்துக்குள் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். மருதாயி மெல்ல விழுங்கினாள். கால்மணி நேரம் போனது, ஒரு யுகம் போல.

"எவடி வாயில மண்ணப் போட்டது?" என்றாள் மருதாயி.

அமுதவள்ளி அவள் மடியில் விழுந்து ஓவென்று அழுதாள். தகவல் கேட்டு, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து மூச்சிரைக்க வந்த முத்துப்பிரியா, மருதாயியின் விரலைக் குத்திப் பார்த்து, தேறிவிட்டாள் என்றாள். நடந்ததைக் கேட்டாள். திட்டவில்லை. அமுதவள்ளி பக்கம் திரும்பினாள்.

"அப்ப மூணு வாரமா நீங்க என்னக்கா சாப்ட்டீங்க?"

"நெல்லுச்சோறுதான்."

"மாத்திரை?"

"டாக்டர் சொன்னபடி பாதிதான் பாப்பா. அதுல ஒரு தப்பும் பண்ணல."

"பத்து நாளா இவ குடங்குடமாத் தண்ணி குடிக்கிறா பாப்பா," என்றாள் மருதாயி.

முத்துப்பிரியா அமுதவள்ளியின் விரலைக் குத்தினாள். சர்க்கரை அளக்கும் சின்ன மெஷினையே எல்லாரும் பார்த்தார்கள்.

"நம்பரே வரலையே பாப்பா. நல்லதுதான?"

"அது அளக்குற எல்லையத் தாண்டிருச்சுக்கா. ஜக்கையண்ணே, ஜீப்ப அணைக்காதீங்க!"

ஜீப்பு கீழே இறங்கியபோது மருதாயி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அமுதவள்ளியைப் படுக்க வைத்திருந்தார்கள்.