சுங்காருக்குக் காற்று வேண்டும்

எர்காசி மோட்டார் சைக்கிளை நிறுத்திய விதத்திலேயே ஜானிலுக்குத் தெரிந்துவிட்டது, புருஷன் ஏதோ வேண்டாத வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று. வண்டியோடு ஒட்டிய பக்கத்துத் தொட்டியில் நாய் சுங்கார் கிடந்தது. நாக்கு நுனியில் அகன்று ஒரு சாண் வெளியே தொங்கியது. ஈறு செங்கல் நிறம். தூக்கி நிறுத்தினால் நாலு காலும் நாலு திசைக்குப் போயின.

“என்னய்யா பண்ணினே அதை?”

“ஒண்ணுமில்ல. வண்டி பின்னாடி கொஞ்சம் ஓடவிட்டேன்.”

“இந்த உச்சி வெயில்லயா?”

விஷயம் இதுதான். முந்தின நாள் தேநீர் குடிக்க வந்த பக்கத்துப் பட்டித் தோலெபாய், “உங்க வேட்டை நாய் கம்பளத்துல படுத்துப் படுத்து செம்மறி மாதிரி ஆயிடுச்சேப்பா” என்று சீண்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான், இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கோடையில் வேட்டை நாயை விரட்டக் கூடாதென்பது தோர்காய்ப் புல்வெளியில் தவழும் குழந்தைக்கும் தெரியும். நமக்காவது உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்ப்பது பாதத்தடியில் மட்டும்தான். மற்ற சூடெல்லாம் மூச்சிரைத்து நாக்கு வழியாகப் போக வேண்டும். ஓட்டம் என்று வந்துவிட்டால் அதுவாக நிற்காது. நிறுத்த வேண்டியவனோ வண்டிமேல் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

சுங்கார் ஜானிலின் நாய். தாய் செத்த குட்டியை ஆட்டுப்பால் புகட்டி, தன் படுக்கையில் போட்டு வளர்த்தவள் அவள். பெற்ற பிள்ளை மாதிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குப் பழகிய வேலையைத்தான் அவள் செய்தாள். குதிரைப்பால் தோல்பையைக் குளிர்ச்சியாக வைக்க ஈரக் கம்பளி சுற்றுவார்களே, அதேபோல ஒரு கம்பளியைத் தண்ணீரில் முக்கி நாயைச் சுற்றினாள். மேலே இன்னும் தண்ணீர் ஊற்றினாள்.

இரைப்பு அடங்கவில்லை, கூடியது. கண் மேலே செருகியது. கம்பளிக்குள் கையை விட்டாள். அடுப்புக்குள் விட்டதுபோல் இருந்தது.

அவள் பார்வை நிழலில் தொங்கிய பால்பைமேல் போயிற்று. காலையில்தான் அதைத் திட்டியிருந்தாள். ஈரம் காயாமல் சுற்றியும் பால் கெட்டுப்போயிருந்தது. நேற்றிலிருந்து காற்று சுத்தமாக விழுந்துவிட்டதல்லவா! காற்று வந்து ஈரத்தைக் கொண்டுபோனால்தானே குளிரும்? இல்லாவிட்டால் ஈரக் கம்பளியும் வெறும் போர்வைதான்.

“ஐயோ, நானே கொல்றேனே” என்று கம்பளியை உருவித் தொட்டிக்குள் எறிந்தாள். “யோவ், வண்டியை எடு.”

“டவுனு டாக்டர்கிட்டயா? அவ்ளோ தூரம்...”

“காத்துகிட்ட. குன்றுமேலே எப்பவும் காத்து இருக்கும். போற வழியிலயும் அடிக்கும். எடுய்யா.”

தண்ணீர்க் கேனைக் காலிடுக்கில் வைத்து, நாயை மடியில் மல்லாத்திக்கொண்டு அவள் தொட்டியில் ஏறினாள். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தாள். வண்டி பறந்தது. மேடு பள்ளம் எதையும் அவன் பார்க்கவில்லை. காற்று நனைந்த தோலில் சீறி அடித்தது. அவள் கைக்கே சில்லிட்டது. “இன்னும் வேகமா” என்று கத்தினாள். செருகிய கண் ஒருமுறை இறங்கி அவளைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்புமாக இன்னும் கத்தினாள்.

குன்றின் அடிவாரத்தில் வண்டி இரண்டு முறை இருமி நின்றது. பெட்ரோல் இல்லை. நாயை விரட்டியே தீர்த்திருந்தான் புண்ணியவான்.

அவள் அவன் பக்கம் திரும்பாமல் நாய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். அதுதான் அவனைச் சுட்டது. நாயை வாரித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடினான். கேனும் கம்பளியுமாக அவள் பின்னால் ஓடினாள். பாதி வழியில் அவன் நாக்கும் வெளியே தள்ளிவிட்டது.

உச்சியில் காற்று இருந்தது. நாயைக் கிடத்தி, அவள் தண்ணீர் ஊற்ற, அவன் கம்பளியை இரு கையாலும் பிடித்து விசிறினான். ஊற்றவும் விசிறவுமாக எவ்வளவு நேரம் போயிற்றோ. மெல்ல இரைப்பு இறங்கியது. சுங்கார் தலையைத் தூக்கி, அவள் உள்ளங்கைத் தண்ணீரை இரண்டு நக்கு நக்கியது. பிறகு எழுந்து, தள்ளாடி நடந்து, அந்த மொட்டைக் குன்றில் இருந்த ஒரே நிழலைத் தேடிப் போய்ப் படுத்தது. அது எர்காசியின் நிழல்.

“அசையாதே” என்றாள் ஜானில்.

அவன் அசையவில்லை. கம்பளியைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்து நிழலைப் பெரிதாக்கினான். தோள் கடுத்தது. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை. கேனின் அடியில் இருந்த மிச்சத் தண்ணீரை அவள் அவன் தலையில் கவிழ்த்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் தோலெபாயின் லாரி வந்து கீழே நின்றது. அவன் மேலேறி வந்தான். “என்னப்பா, கூடாரக் கம்பு மாதிரி நிக்கிறே? நாய் ஓடுச்சா இல்லையா?”

“ஓடுச்சு” என்றான் எர்காசி, கையை இறக்காமல். “முட்டாப்பய நான்தான் நிறுத்தல. மெதுவாப் பேசு, தூங்குது.”