ஒன்பது நாள் மிச்சமிருந்த பை

ரத்த வங்கியில் பதினாலு வருஷம் தடுமாறாத கை, கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் தடுமாறியது. இருந்தாலும் அவள் விடவில்லை. மூன்று மாதமாக மதிய இடைவேளையில் ஒரு கை சாப்பாட்டிலும் மறு கை கீபோர்டிலுமாக உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். ஃப்ரிட்ஜில் உள்ள ஒவ்வொரு ரத்தப் பைக்கும் இன்னும் எத்தனை நாள் ஆயுள் என்று தினமும் விரல்விட்டு எண்ணுவது நல்லதல்ல. என்றைக்காவது எண்ணிக்கை தப்பும். தப்பினால் யாரோ ஒருவருடைய உயிர் போகும்.

புரோகிராமில் இரண்டு ஃபங்ஷன்கள். முதலாவது, பையின் தேதியைப் பார்த்து மிச்ச நாளைக் கணக்குப் போடும். இரண்டாவது, அந்த விடையை வாங்கி, மிச்சம் எதுவும் இல்லையென்றால் பையின் எண்ணைக் 'கழிக்க வேண்டியவை' என்ற தாளில் அச்சடிக்கும். காலாவதியான பத்துப் பைகளின் எண்களைக் கொடுத்துச் சோதித்தாள். பத்தும் தாளில் வந்தன. நல்ல பையைச் சோதனைக்குத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். இங்கே வெறும் எண்ணைத்தானே தட்டுகிறோம், நல்ல பையையும் கொடுத்துப் பார்க்கலாமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினாலு வருஷப் பழக்கம்.

ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் கிடைப்பதற்கரிய வகை ரத்தம் மூன்றே பைகள் இருந்தன. அதில் ஒன்று அவள் தம்பியுடையது. "என் ரத்தத்தை உறிஞ்சுறதே உனக்குப் பொழப்பாப் போச்சுக்கா" என்று சிரித்துக்கொண்டே கை நீட்டியவன், இரண்டு வாரத்தில் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். வேறு எதுவும் மிஞ்சவில்லை. தினமும் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் அந்த எண்ணைத்தான் அவள் கண் தேடும். அது யார் உடம்பிலாவது ஓட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

புரோகிராமை முதல்முறை நிஜமாக ஓட்டிய காலையில் திரையில் எல்லாப் பைக்கும் மிச்ச நாள் சரியாக வந்தது. தம்பியின் பைக்கு ஒன்பது நாள். மனம் குளிர, மேல்தட்டுப் பைகளுக்கான 'கழிக்க வேண்டியவை' தாளுக்குப் பிரிண்ட் கொடுத்துவிட்டு, அது வெளியே வருமுன்னே வார்டுக்கு ஓடினாள்.

தாளை எடுத்தவர் ஸ்டோர் அண்ணன். அவருக்கு அங்கே பேரே 'அவசரம்'. பதறாத காரியம் சிதறாது என்று அவரிடம் சொல்லாதவர் இல்லை, நின்று கேட்கத்தான் அவருக்கு நேரமில்லை. அவள் திரும்பி வந்தபோது மூன்று பைகளும் மேஜையில் கழிவுத் தட்டில் கிடந்தன.

"என்னண்ணே இது?"

"உன் பேப்பர்ல இருந்த மூணையும் எடுத்துட்டேம்மா."

"எப்ப எடுத்தீங்க?"

"நீ அந்தப் பக்கம் போனதுமே."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐம்பது நிமிஷம். அரைமணிக்கு மேல் வெளியே இருந்த பை திரும்ப உள்ளே போகக்கூடாது. தம்பியின் பையைத் தொட்டாள். சில்லிப்பு போயிருந்தது.

அவள் தொட்ட பையைப் பார்த்த அண்ணனுக்கு, அது அவள் தம்பியுடையது, தேதியும் இன்னும் தாண்டவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போய், குரலைத் தாழ்த்தினார். "உள்ள வச்சுடலாம்மா. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

ஒரு கணம் அவள் கை ஃப்ரிட்ஜ் பக்கம் போனது. பொய் சொல்வானேன், போகத்தான் செய்தது.

"வேணாம்ணே. இது யாரோ ஒருத்தர் உடம்புக்குள்ள போறது. அவங்களுக்கும் ஒரு அக்கா இருப்பா."

பக்கத்து ஊர் வங்கிக்குப் போன் செய்து அதே வகையில் மூன்று பைகள் கேட்டாள். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முதல் ஃபங்ஷன் கொடுக்கும் விடை என்னவென்று தனியாகப் பார்த்தாள். வெறுமை. திரையில் ஒன்பது என்று காட்டிய அதே ஃபங்ஷன், தன்னைக் கேட்ட இரண்டாவது ஃபங்ஷனிடம் எதையும் கொடுக்கவில்லை. அது அந்த வெறுமையை 'மிச்சம் இல்லை' என்று எடுத்துக்கொண்டது.

லேப்பில் ஒருத்தர் எண்ணை உரக்கப் படித்தால் பக்கத்து மேஜைக்காரர் காதில் வாங்கி எழுதிக்கொள்வார். அந்த நினைப்பிலேயே அவளும் விடையைத் திரையில் சொல்ல வைத்திருந்தாள், திருப்பிக் கொடுக்க வைக்கவில்லை. ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் காது கிடையாது. கையில் கொடுத்தால்தான் உண்டு. ரிட்டர்ன் என்று ஒரே ஒரு வரி. எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கழிவுச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் 'என் புரோகிராம் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதே மூன்று எண்களைக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். கழிக்க வேண்டியவை என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் தாள் வந்தது.

"இப்ப சரியா வருதுண்ணே" என்று சொல்ல வாயெடுத்தாள். சாவு வீட்டில்கூட அழாதவள், அந்த வெற்றுத் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தம்பி பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.