நாற்பத்தோராம் பக்கத்துத் தமிழர்

1977 அக்டோபர் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, ராஸ் அல் கைமாவில் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த இந்தியப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பின் ‘நம் நாட்டு மக்கள்’ புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்த தமிழர், புத்தகத்தை விட்டு இறங்கிப் போனார். வகுப்பில் பத்தொன்பது புத்தகங்கள் இருந்ததால் பத்தொன்பது பேர் போனார்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே குடுமி, ஒரே பஞ்சகச்சம், வலது கையில் ஒரே பித்தளைச் சொம்பு. வாசலில் மணல் சுட்டதால் கொஞ்சம் தயங்கினார்கள் என்று காவலாளி சொன்னான். மற்றபடி விசேஷம் இல்லை.

புத்தகம் பம்பாயிலிருந்து கப்பலில் வந்தது. ஒவ்வொரு மாநிலத்து மக்களுக்கும் அதில் ஒரு பக்கம், ஒரு படம், மூன்று வரி. தமிழர் வேட்டி கட்டுவர். தமிழர் இட்லி உண்பர். தமிழர் கடின உழைப்பாளிகள். இதை நடத்தியவள் நீலா டீச்சர். அவள் புருஷன் சிமென்ட் ஆலையில் முதுகில் அடிபட்டு, வேலை போய், ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். இரண்டு பேரும் அந்த ஊரில் இருந்தது அவளுடைய வீசாவில். அதனால் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி நடத்துவதே அவள் வழக்கம். அன்றைக்குச் சாயாக்கடை நெய்னா முகம்மதுவின் மகள் ஷம்சாத் எழுந்து நின்றாள். “டீச்சர், இவுக ஆரு? எங்க கீழக்கரையில இப்படி ஒருத்தரையும் நான் பாத்ததில்லையே. எங்க வாப்பா கைலிதான் கட்டுவாக.” இன்ஜினியர் மகன் வாசுவும் விடவில்லை. “எங்காத்துலயும் இல்லை டீச்சர். எங்கப்பா பேண்ட்தான். அப்போ நாங்க தமிழா இல்லையா?” நீலா படத்தைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். “எனக்கும் இப்படி யாரையும் தெரியாதுடா” என்று சொல்லிவிட்டாள். படத்தில் இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது.

போனவர்கள் சிமென்ட் ஆலை கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம் என்பதால் வேலை அட்டைக்கு ஒருவரைப் போட்டோ எடுத்துப் பத்தொன்பது பிரதி போட்டார்கள். ஆட்களுக்குப் பொறுப்பேற்கும் அரபு முதலாளியான கஃபீலும் மறுப்பு சொல்லாமல் கையெழுத்திட்டார். புத்தகத்தில் ஓய்வைப் பற்றி எதுவும் இல்லாததால் அவர்கள் ஓயவே இல்லை. சொம்பைக் கீழே வைக்கத் தெரியாமல் ஒற்றைக் கையால் மூட்டை தூக்கினார்கள். “பாய், இந்த மாதிரி இன்னும் இருந்தா அனுப்பு, ஜல்தி!” என்றான் பட்டாணியச் சூப்பர்வைசர். சிரமப்பட்டது அவர்களுக்குச் சாப்பாடு போட்ட நெய்னா முகம்மதுதான். “காலையில இட்லி, பகலைக்கு இட்லி, ராவைக்கும் இட்லி. பரோட்டாக்கடையா வச்சிருந்த என்னைய மாவாட்ட விட்டுட்டாகளே!” என்று வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். மூன்றாம் வாரம் அவர்களில் ஒருவர், யாரும் பார்க்காதபோது, ஒரு பரோட்டா கேட்டார். அடுத்த வாரம் இன்னொருவர் குடுமியை வெட்டினார். ஒருவர் கைலிக்கு மாறினார். ஒருவருக்குப் பல்வலி வந்தது. இரண்டு பேர் ஒரு டிரான்சிஸ்டருக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சொம்புகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

இதற்குள் பள்ளிக்கூடத்துக்குத் தந்தி வந்தது. பரீட்சை அதிகாரி அனந்தகிருஷ்ணன் பம்பாயிலிருந்து வருகிறார், ஐந்தாம் வகுப்பைப் பார்க்க. ஹெட்மாஸ்டர் கோபாலசாமி நீலாவைக் கூப்பிட்டார். “பக்கம் காலியா இருந்தா அந்தப் பாடமும் வேண்டாம், டீச்சரும் வேண்டாம்னு எழுதிடுவார்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது.” நீலா நெய்னா முகம்மதுவின் பிக்கப்பில் ஏறிக் கேம்ப்புக்குப் போனாள். அழக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்தவள், போனதும் அழுதாள். பல்வலிக்காரர் எழுந்து வந்தார். “வர்றோம் டீச்சர், கண்ணைத் தொடைங்க. ஆனா மூணு வரியில காலை நீட்ட முடியல. எப்படி இருக்கோமோ அப்படித்தான் நிப்போம். அப்புறம், வெள்ளிக்கிழமை லீவு வேணும். கேம்ப்புல எல்லாருக்கும் உண்டு.” நீலா சம்மதித்தாள். “கலாஸ், பேச்சு முடிஞ்சது” என்றார் அவர். சனிக்கிழமை காலை புத்தகத்துக்கு ஒருவராக எல்லாரும் திரும்பியிருந்தார்கள். எந்த இரண்டு புத்தகத்திலும் ஒரே ஆள் இல்லை.

பம்பாயில் வெள்ளிக்கிழமை வேலை நாள். அதிகாரி நவம்பர் இருபத்தைந்தாம் தேதியைக் குறித்திருந்தார், அது வெள்ளி. அன்றைக்கு இங்கே விடுமுறை என்று அவருக்குச் சொல்லக் கோபாலசாமிக்குத் துணிச்சல் இல்லை. பள்ளிக்கூடத்தையே திறந்துவைத்தார். அனந்தகிருஷ்ணன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். வெள்ளைத் தாள். அடுத்த புத்தகத்திலும் அப்படியே. படுத்திருக்கும் மனுஷனை எப்படிக் கப்பலேற்றுவது என்று நீலா மனசுக்குள் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

“தமிழர் எங்கே?” என்றார் அதிகாரி.

“லீவுல இருக்காக சார்” என்றாள் ஷம்சாத். “இன்னைக்கி வெள்ளிக்கிழமைல!”

“லீவா? என்ன செய்வார் லீவுல?”

“என் பொஸ்தகத்து ஆளு வாப்பா கடையில இருப்பாக. கடவாப் பல்லுல கிராம்பை வச்சுக்கிட்டு, ஆரு பேசினாலும் ‘ம்’முனு மட்டும் சொல்லுவாக.”

“என்னோடவர் கடற்கரையில துணி துவைப்பார் சார்” என்றான் வாசு. “பக்கத்துக் கல்லுல இன்னொருத்தர். ரெண்டு பேரும் பேசிக்க மாட்டா. ஆனா சோப்பு ஒண்ணுதான்.”

பத்தொன்பது பிள்ளைகளும் சொன்னார்கள். ஒருவர் ஊருக்குக் கடிதம் எழுதுவார், ஒருவர் நாள் முழுக்கத் தூங்குவார், ஒருவர் நெய்னா கடையில் மீன் கழுவிக் கொடுப்பார். அதிகாரி ஆரம்பத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். “அந்தப் பல்லை டாக்டர்கிட்ட காட்டினாரா இல்லையா?” என்று நடுவில் ஒரு தரம் குறுக்கிட்டார். பிறகு சாயாக்கடைக்கு நடந்து போய், இரண்டு டீ குடித்து, கன்னம் வீங்கியவரை நேரில் விசாரித்துவிட்டு வந்தார்.

அறிக்கையில் அவர் எழுதியது ஒரே வரி: நாற்பத்தோராம் பக்கம், வெள்ளிக்கிழமை நீங்கலாக, சரியாக உள்ளது.

நீலாவின் வீசா நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் நாற்பத்திரண்டாம் பக்கத்துப் பஞ்சாபிகளும் நாற்பத்து மூன்றாம் பக்கத்து வங்காளிகளும் அதே லீவைக் கேட்டு வந்தார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னார் கோபாலசாமி. கொடுத்தார்கள்.