விழுவதற்கு முந்தின நாள் சத்தம்

எரியோட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், மகேஸ்வரி சைக்கிளிலிருந்து விழுகிற சத்தம் அவள் விழுவதற்கு முந்தின நாளே அவள் வீட்டில் கேட்டுவிடும். காலை ஒன்பதுக்குக் கேட்டால் மறுநாள் காலை ஒன்பதுக்கு விழுவாள். டிவிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவிலிருந்து வரும்: டயர் வழுக்குகிற கீச்சு, இரும்பு தரையில் இழுபடுகிற இரைச்சல், தொப்பென்று ஒரு உடம்பு. முதல் தடவை எலி பாத்திரத்தை உருட்டிவிட்டது என்று நினைத்தார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அவள் விழுந்து, முழங்கை கிழிந்து வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. விழுந்தபோது சத்தமே வரவில்லை என்றாள். எப்படி வரும், அதுதான் நேற்றே செலவாகிவிட்டதே.

அன்றைக்கு விழுந்தது அவள் தப்பில்லை. அறுவடை முடிந்தால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தார் ரோடுதான் களம். கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டை அடைத்துப் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி நொறுக்கும், சாயங்காலம் தூற்றி அள்ளிக்கொள்வார்கள். விரல் தடிமன் டயரில் வேகமாக வருகிறவளை அது மண்ணைக் கவ்வ வைக்கும். பரப்பியிருந்தது அவளுடைய சொந்தச் சித்தப்பா மலைச்சாமி. அந்த ஆளை எவனாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! எல்லோரும் இவளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். “பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி ரேசு? மூஞ்சில தழும்பு விழுந்தா எவன் கட்டுவான்?” என்றாள் அம்மா மாயம்மாள். தம்பி விக்னேஷ்குமார் பைக்கில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய் ரெண்டு தடவை காலை உடைத்தவன். அவனுக்கு மாவுக்கட்டைப் பிரித்த கையோடு புது பைக் வாங்கிக் கொடுத்தார்கள். ஆம்பளப்பிள்ளை வீட்டிலேயே அடைந்து கிடக்க முடியுமா என்றார்கள். மகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் ஒன்றும் தெரியாமல் இறங்கியவள் இல்லை. நூல் மில்லில் வேலை பார்த்து வாங்கிய பழைய ரேஸ் சைக்கிள் அது. கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவளின் பின் சக்கரத்தைத் தொட்டால் தோள் எலும்பு போகும், வளைவில் பிரேக்கை அமுக்கினால் முட்டி போகும், ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆளே போய்ச் சேர வேண்டியதுதான் என்று ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் வந்திருந்தாள். கையை ஊன்றாமல் தோளை மடக்கி உருள்வதற்கு உழுத காட்டில் விழுந்து விழுந்து பழகியிருந்தாள். இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்க வீட்டில் நாதி இல்லை. சத்தம் கேட்டதும் மாயம்மாள், “ஐயோ, எம்புள்ள போச்சே!” என்று வயிற்றில் அடித்துக்கொள்வாள். அப்பா சோலைமலை சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார். நாளைக்கு விழப்போகிறவளை இன்றைக்கே விசாரிக்கத் தெருவே பிரெட்டும் சாத்துக்குடியுமாக வந்துவிடும். சும்மா இருக்கிறவள் கட்டிலில் உட்கார்ந்து அதைத் தின்ன வேண்டும். பூட்டிய மறுநாள் அவள் விழவில்லை, வாஸ்தவம்தான். போட்டிக்கும் போகவில்லை. திண்டுக்கல் போட்டி ஒரு வருஷம், பழனிப் போட்டி ஒரு வருஷம் என்று ரெண்டு வருஷம் பாழாய்ப் போனது.

மூன்றாம் வருஷம் தை மாசம் ஊரை ஒட்டிப் போகிற குஜிலியம்பாறை ரோட்டில் மாவட்டப் போட்டி வந்தது. முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டி. இதை விட்டால் அவளுக்கு வயசு தாண்டிவிடும். சொந்தக்காரர்களுக்குப் பழகிப்போயிருந்ததால், முந்தின நாள் காலையிலேயே சாத்துக்குடியோடு வந்து சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சோலைமலை சத்தத்துக்குக்கூடக் காத்திராமல் சைக்கிளைப் பூட்டிச் சாவியை மாயம்மாளிடம் கொடுத்திருந்தார். மலைச்சாமியும் வந்து ரெண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குச் சத்தம் வந்தது. அதுவரை வந்ததிலேயே பெரிய சத்தம், ஓடு அதிர்ந்தது. மாயம்மாள் வாயைத் திறந்தாள். மகேஸ்வரி சாத்துக்குடிப் பையைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். “ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது!”

வீடு கப்சிப் என்று ஆனது. அப்போதுதான் சத்தம் இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள். பிறகு மகேஸ்வரியின் குரலே வந்தது: “எவன்டா ரோட்டுல கொள்ளைப் போட்டது? ஒங்கப்பன் வீட்டுக் களமாடா இது?” கழன்ற செயினை மாட்டுகிற சத்தம். பெடல் சுற்றுகிற சத்தம். அது வேகம் பிடித்து, தூரமாகப் போய் மறைந்தது.

எல்லோரும் மலைச்சாமியைப் பார்த்தார்கள். “என்னைய எதுக்குப் பாக்குறீக? நாளைக்கி நான் போடலப்பா,” என்றார் அவர்.

“ரெண்டு வருசம், சித்தப்பா,” என்றாள் மகேஸ்வரி. “நான் விழுறது மட்டும் ஒங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. எந்திரிக்கிறது ஒருத்தருக்கும் கேக்கல. அம்புட்டுச் சத்தமா அழுதீக.”

மாயம்மாள் முந்தியில் முடிந்திருந்த பூட்டுச் சாவியை அவிழ்த்தாள். கொடுக்கும்போது, “அடி பலமாடி?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா. நாளைக்கித்தான் தெரியும்.”

மறுநாள் மலைச்சாமி சொன்னபடி கொள்ளைப் போடவில்லை. அவர் காட்டுக்கு அடுத்த வளைவில் பக்கத்துக் காட்டுக்காரர் பெருமாள்சாமி போட்டிருந்தார். பத்து மணிக்கு மகேஸ்வரி அதில் சத்தமில்லாமல் விழுந்து, தோளை மடக்கி உருண்டு, எழுந்து, வாயை மட்டும் அசைத்து ஏதோ திட்டிவிட்டுப் போனதைப் பார்த்ததாகப் பெருமாள்சாமியே பிறகு சொன்னார். நாலாவதாக வந்தாள். முழங்கை ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அதே வளைவுக்குத் திரும்பி வந்து, நேற்று வீட்டில் கேட்ட அதே வார்த்தைகளை, இந்தத் தடவை ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். பெருமாள்சாமி மறுபேச்சுப் பேசாமல் கொள்ளை வாரி ஓரமாகப் போட்டார்.

இப்போதும் அந்த வீட்டில் சத்தம் வருகிறது. மாயம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, பேச்சுக்கொடுக்க வருகிற ஆட்களைக் கைகாட்டி அடக்கிவிட்டு, அசையாமல் நிற்பாள். பெடல் சுற்றுகிற சத்தம் வந்ததும், “ம், எந்திரிச்சுட்டா,” என்று சொல்லி வெஞ்சனத்தைத் தாளிக்கப் போவாள்.